உள்ளே இருந்துகொண்டே இல்லாதவன்

ஏணியில் நின்று யன்னல் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில், ரயில் பாதைக்கு மேல்பக்கத் தெருவில், நூறு வயது தாண்டிய ஒரு மரவீடு. பழைய பெயின்ட் செதில் செதிலாகக் கழன்று கீழே விரித்திருந்த பிளாஸ்டிக்கில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், வீட்டுக்காரர் மிஸ் ஹிலரி புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு யன்னலை நாலு விரல் அளவுக்கு உயர்த்தி, அந்த இடைவெளியால் மெல்லச் சொன்னார்.

“செபா, நான் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.”

என் பெயர் செபமாலை. அவர் வாய்க்கு அதில் பாதிதான் வந்தது. பெயர் போகட்டும். எனக்கு அப்போது வந்த கஷ்டம் வேறு. முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால் போய் நின்று, இங்கிலீசில், ஒரு பொய்யைச் சொல்லவேண்டும். பெயின்ட் கடையில் நிறத்தின் பெயரைச் சொல்வதற்கே என் வான் வண்டிக்குள் இருந்து இரண்டு தரம் ஒத்திகை பார்க்கிறவன் நான்.

இறங்கிப் போனேன். வாசலில் ஒரு தாடிக்காரர் நின்றார். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம். இந்த ஊரில் வீட்டில் எலுமிச்சை காய்த்துவிட்டால் தெருவெல்லாம் கொடுத்துத்தான் தீர்ப்பார்கள்.

“ஹிலரி இருக்கிறாரா?”

“வீட்டில் இல்லை” என்றேன். காது இரண்டும் சுட்டது.

அவர் என் தோளுக்கு மேலால் யன்னலைப் பார்த்தார். உள்ளே திரைச்சீலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியே நிலத்துக்குள் போய்விட்டால் நல்லது போலிருந்தது. ஆனால் அந்த மனிதர் சிரித்தார். பையை என் கையில் தந்து, “நான் வந்து போனேன் என்று சொல்லுங்கள்” என்றுவிட்டு, விசில் அடித்துக்கொண்டே போனார்.

கோபமே இல்லை. அவருக்குத் தெரியும். தெரிந்தும் கோபமில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இல்லை என்றால் இல்லைதான்

வேலை இடங்களில் காலை பத்து மணித் தேநீரை இங்கே ஸ்மோகோ என்பார்கள். அன்று ஸ்மோகோவுக்கு மிஸ் ஹிலரி இரண்டு கோப்பையோடு வெளி விறாந்தைக்கு வந்தார். எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். “அவர் உங்களைக் கண்டுவிட்டார்” என்று ஒரு குற்றவாளியைப் போலச் சொன்னேன்.

“கண்டிருப்பார். அதனால் என்ன?”

அவர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தில் இருநூறு, இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள் என்பதுதான் அவருடைய படிப்பு. யார் யாரைப் பார்க்கப் போவது, எவ்வளவு நேரம் இருப்பது, தேநீர் மேசையில் எதைப் பேசலாம், நடன மண்டபத்தில் யார் யாரை அறிமுகம் செய்வது. இதையெல்லாம் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கப் படிக்கலாம் என்பதே எனக்குப் புதினம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் அந்த வருடம் பள்ளிக்கூடம் மூடினார்கள். பிறகு திறந்தபோது நான் மீன்பிடி வள்ளத்தில் இருந்தேன்.

அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டில் வேலைக்காரன் போய்க் கதவைத் திறப்பானாம். எஜமானிக்கு அன்று ஆட்களைப் பார்க்க மனமில்லை என்றால், அவன் “வீட்டில் இல்லை” என்பான். மாடியில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டாலும் வந்தவர் ஒன்றும் சொல்லமாட்டார். தன் பெயர் அச்சடித்த சிறிய கார்ட் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். நேரில் வந்தேன் என்பதற்கு அடையாளமாகச் சிலர் அதன் மூலையை மடித்துவிடுவார்கள். சில நாளில் அவள் போய்த் தன் கார்டை அவர் வீட்டில் வைப்பாள். அப்படி வைத்தால் உறவு தொடரும். வைக்காவிட்டால் முடிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் நோகடிக்க வேண்டியதில்லை.

“அப்போ அது பொய் இல்லையா?” என்று கேட்டேன்.

“இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்று எப்படிப் பொய்யாகும், செபா?”

உள்ளே வரவிட்டாலும் கால்மணி நேரந்தானாம். தொப்பியைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு, காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு எழும்பிவிட வேண்டும். நடன மண்டபத்தில் இதற்கென்றே ஒரு அதிகாரி இருப்பார். தெரியாத இரண்டு பேரை அவர்தான் சேர்த்து வைப்பார். தானாகப் போய் யாரோடும் பேசவேண்டிய தொல்லை ஒருவருக்கும் இல்லை.

நான் தேநீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூச்சமுள்ளவனுக்கு வேறு என்ன வேண்டும்? இத்தனை மணிக்குப் போ, இதைச் சொல், இத்தனை நிமிடத்தில் எழும்பு என்று யாராவது எழுதித் தந்திருந்தால், என் வாழ்க்கையில் பாதிக் கஷ்டம் வந்திருக்காது. பிழையான காலத்தில் பிறந்துவிட்டேன் என்று சொன்னேன். மிஸ் ஹிலரி சிரித்தார்.

“நீங்கள் அந்தக் காலத்தில் கதவு திறக்கிற ஆளாக இருந்திருந்தால்?”

அதுவும் சரிதான். இன்றைக்குக் கதவில் நின்றவன் நான்தானே.

மறுபடி ஏணியில் ஏறினேன். சுரண்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் கை வேலை செய்ததே தவிர, மனம் ஊரின் மற்றப் பக்கம், பக்குரங்காவில் இருந்தது. அங்கே இருக்கிற ஒரு மனிதனுக்கு நானும் “வீட்டில் இல்லை” என்று காட்டியிருக்கிறேன். அவனுக்கு அது தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்.

மணி ஓயாத வீடு

சந்தியோகுவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக.

நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே கரை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஏவன்டேலில் ஒரு வாடகை வீட்டில் ஏழு ஆண்கள் ஒன்றாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தையில் மரக்கறி வாங்கி, பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் முழுக்க முன்னூற்றுநாலு என்ற சீட்டு ஆடுவோம். ஆக்லாந்தில் அப்போது இருந்த தமிழரில் பாதிப் பேர் அந்த வீட்டுக்கு வந்துபோனார்கள் என்று சொன்னால் நம்பவேண்டும். மணி அடிக்கிறவர்களும் உண்டு. நேரே குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறக்கிறவர்களும் உண்டு.

அவ்வளவு சனத்துக்குள்ளும் நான் பேசாமல் இருக்கமுடிந்தது சந்தியோகுவால்தான். ஆட்டத்தில் அவன் என் சோடி. முன்னூற்றுநாலில் நல்ல சோடி ஒன்றும் பேசத் தேவையில்லை. யாராவது என்னிடம் ஏதும் கேட்டால், என்னை மாலை என்று கூப்பிடுகிற அவன் முந்திவிடுவான். “மாலைக்கு அது பிடிக்காது.” “மாலை நாளைக்கு வருவான்.” என் வாய் அவனிடம் வாடகைக்கு இருந்தது போல.

அவன் பிலோமினாவைக் கட்டினான். மெலனி பிறந்தாள். அவளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக என்னை நிறுத்தினான். எனக்குக் கலியாணம் அமையவில்லை. அமைய நான் பெரிதாக முயற்சி செய்யவும் இல்லை. அதனால் எனக்குப் பிள்ளை என்று சொல்ல இருந்தது மெலனிதான். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

கலியாணம் சொல்ல வந்தவர்கள்

நாலு வருடம் இருக்கும். மெலனிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை இந்த ஊர் வெள்ளைக்காரப் பையன். ஒருநாள் சந்தியோகு தொலைபேசியில் சொன்னான்.

“டேய் மாலை, ஞானத்தகப்பன் நீ. ஹோலில மைக் பிடிச்சு ரெண்டு கதை சொல்லவேணும். மாப்பிள்ளை பகுதியும் இருக்கும், இங்கிலீசையும் கொஞ்சம் கலந்து விடு.”

“நான் எப்பிடியடா...”

“ரெண்டே ரெண்டு கதை. செத்துப்போக மாட்டாய்.”

செத்துப்போயிருப்பேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மண்டபம், மைக், முந்நூறு முகம். சுவருக்கு பெயின்ட் அடிக்கும்போது சுவருக்குச் சொல்லிப் பார்த்தேன். சுவருக்கு முன்னாலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அவர்கள் கலியாணம் சொல்ல வந்தார்கள். எங்கள் ஆட்கள் கலியாணத்தை வீட்டுக்கு வீடு நேரில் போய்த்தான் சொல்வார்கள். அதிலும் ஞானத்தகப்பன் வீட்டுக்கு முதலாவதாகப் போவார்கள். நான் ஏவன்டேலில் ஒரு வீட்டின் பின்வளவில் ஒற்றை அறை எடுத்து இருந்தேன். கார்ச் சத்தம் கேட்டுத் திரையை விலக்கிப் பார்த்தேன். பிலோமினா பட்டுச்சேலை, சந்தியோகு கோட். கையில் கேக் பெட்டி.

நான் போய்க் குளியலறைக்குள் இருந்துகொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் கேட்டால், ஒன்றுதான் சொல்ல முடியும். கதவைத் திறந்தால் “என்னால் பேச ஏலாது” என்று சொல்லவேண்டி வரும். அதைச் சொல்லவும் எனக்கு ஏலாது.

தட்டினார்கள். “மாலை... டேய் மாலை...” மழை தூறத் தொடங்கியது. பிலோமினாவின் குரல் கேட்டது.

“நித்திரையோ தெரியேல்ல.”

“வானைக் காணேல்ல. எங்கயோ வேலைக்குப் போட்டான்.”

வான் திருத்துகிற இடத்தில் நின்றது. நான் குளியல் தொட்டியின் விளிம்பில், இடுப்பில் சாரத்தோடு, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். கூரையில்லாத அந்த வாசலில் இரண்டு பேரும் மழைக்குள் கனநேரம் நின்றார்கள். பிறகு கார் போனது.

புதன்கிழமையும் வந்தார்கள். புதன்கிழமையும் நான் குளியலறைக்குள் இருந்தேன். தொலைபேசி அடித்தான். எடுக்கவில்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழின் படம் வந்தது. கீழே எழுதியிருந்தான். ‘ரெண்டு தரம் வந்தம், நீ இல்லை. எப்பிடியும் வா.’

கலியாணத்தன்று நான் வேறொரு ஊரில் ஒரு தகரக் கூரைக்கு பெயின்ட் அடித்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு எழுத வெட்கமாக இருப்பது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஆட்கள் மறித்துக் கேட்டார்கள். “ஞானத்தகப்பன், கலியாணத்தில உங்களைக் காணேல்லையே?” நான் தொலைபேசியை எடுத்து அழைப்பிதழின் படத்தைக் காட்டினேன். “இப்பிடித்தான் வந்தது” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். படத்துக்குக் கீழே இருந்த வரியை என் பெருவிரல் மறைத்திருந்தது.

நான் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. மற்றதை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். “ஞானத்தகப்பனுக்கு வாட்ஸ்அப்பிலயோ கலியாணம் சொல்லுறது?” “வெள்ளைக்காரச் சம்பந்தம் வந்ததும் தலை கனத்துப்போச்சு.” கதை ஒரு மாதத்தில் சந்தியோகு இருக்கிற பக்குரங்கா வரைக்கும் போயிருக்க வேண்டும். சந்தியோகு தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். தன் வீட்டுப் பக்கத்தில் இங்கிலீஸ் பூசைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன்.

அவன் என்னிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. நானும் போகவில்லை. நாலு வருடம்.

மூலை மடித்த கார்ட்

மிஸ் ஹிலரி வீட்டில் வேலை முடிகிற கிழமை, கோயிலில் ஒருவர் சொன்னார். சந்தியோகு வீட்டை விற்கிறான். மெலனி பிரிஸ்பேனில், பிள்ளை பிறக்க இருக்கிறது. தாயும் தகப்பனும் நிரந்தரமாக அங்கே போகிறார்கள்.

அந்தக் கிழமை முழுக்க நான் அந்தப் பழைய இங்கிலாந்துக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் பேச என்னால் முடியாது. மணியை அடித்து முகத்துக்கு நேரே நிற்கவும் முடியாது. ஆனால் ஒரு கார்டை வைத்துவிட்டு வர முடியும். நேரில் வந்தேன், உனக்கு மனமிருந்தால் பதில் வை, மனமில்லாவிட்டால் விடு. எவ்வளவு மரியாதையான வழி.

சனிக்கிழமை பக்குரங்காவுக்குப் போனேன். பிளாசா கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் வானை நிறுத்திவிட்டு நடந்தேன். வேலியில் விற்பனைப் பலகை. தபால் பெட்டியில் போடக்கூடாது, வாசலில்தான் வைக்கவேண்டும் என்று படி ஏறினேன். உள்ளே தொலைக்காட்சி கேட்டது. என் கார்டின் வலது மூலையைக் கவனமாக மடித்து, கதவு இடுக்கில் செருகிவிட்டுத் திரும்பினேன். படி இறங்கும்போது எனக்கு ஒரு பெரிய காரியம் செய்த நிம்மதி.

ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால் முடிந்தது என்று மனத்துக்குள் கணக்கு. ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தது. அவன் பெயர் திரையில் வந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு.

“செபமாலையோ?”

மாலை இல்லை. செபமாலை.

“ஓம்.”

“உங்கட கார்ட் கிடைச்சுது. வெளிப்பக்கம் மட்டும் அடிச்சாக் காணும், உள்ளுக்குத் தேவையில்லை. வீட்டை ஆக்களுக்குக் காட்டமுந்தி முடிக்கவேணுமாம் எண்டு ஏஜென்ட் நிக்கிறான். திங்கள் வரேலுமோ?”

நான் “ஓம்” என்றேன்.

வைத்த பிறகுதான் விளங்கியது. என்னிடம் இருக்கிற ஒரே கார்ட், தொழில் கார்ட். பெயர், தொலைபேசி இலக்கம், ஒரு தூரிகைப் படம், ‘உள்ளே, வெளியே, கூரை’. விற்பனைப் பலகை தொங்குகிற வீடுகளின் வாசலில் இந்த ஊரில் எல்லாப் பெயின்ட்காரரும் செருகிவிட்டுப் போகிற அதே கார்ட். நானே எத்தனை வீட்டில் செருகியிருக்கிறேன்!

படியில் வைத்த தேநீர்

திங்கள் போனேன். சந்தியோகு வாசலில் நின்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. நிறத்தைக் காட்டினான். தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்டினான். எல்லாம் மரியாதையாக, “நீங்கள்” போட்டு. சிறுவயதிலிருந்து என்னை டேய் என்று கூப்பிட்டவன்.

பத்து மணிக்குப் பிலோமினா ஒரு கோப்பைத் தேநீரைப் படியில் வைத்தாள். “தேத்தண்ணி” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் படியில் இருந்து குடித்தேன். சீனி அளவு சரியாக இருந்தது. அதை அவள் மறக்கவில்லை.

கழுவினேன், சுரண்டினேன், முதல் பூச்சு அடித்தேன். பழைய சிநேகிதனின் வீட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போது அவன் வாழ்க்கையை யன்னல் யன்னலாகப் பார்க்கவேண்டி இருக்கிறது. ஒரு அறையில் கட்டி வைத்த பெட்டிகள். இன்னொன்றில் சுவரில் மெலனியின் கலியாணப் படம். நான் இல்லாத படம். அந்த யன்னல் சட்டத்துக்கு மட்டும் மூன்று தரம் அடித்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் சந்தியோகு ஏணிக்குக் கீழே வந்து நின்றான். வீட்டில் நிற்கிற சாரமும் பெனியனும். சுவரை மேலும் கீழும் பார்த்தான்.

“வேலை நல்லாத்தான் செய்யிறியள்.”

நான் தூரிகையைப் பெயின்ட்டில் தோய்த்தேன்.

“நாலு வருசம் ஒரு கதை இல்லை, பேச்சு இல்லை. வீடு விக்கிறான் எண்டு கேள்விப்பட்டதும் கார்ட் வந்து விழுது. நல்ல யாவாரமடா.”

அந்த ‘டா’ எனக்குத் துணிவைத் தந்தது. அது கோபத்தில் வந்ததுதான். இருந்தாலும் வந்தது.

“அது வேலைக்கு வைச்ச கார்ட் இல்லை” என்றேன்.

“பின்ன?”

“மூலையை மடிச்சிருந்தனே.”

“மூலையோ? வானுக்குள்ள கிடந்து மடங்கின பழைய கார்டாக்கும் எண்டு நினைச்சன்.”

நான் இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தைப் பற்றி ஏணியில் நின்று சொன்னேன். கார்ட், மூலை, வேலைக்காரன், கால்மணி நேரம். கோர்வையாக வரவில்லை. சந்தியோகு என்னைப் பார்த்த பார்வையில், இவனுக்குப் பெயின்ட் மணம் தலைக்கு ஏறிவிட்டது என்று எழுதியிருந்தது. யன்னலுக்கு உள்ளே பிலோமினா வந்து நின்றதைக் கண்டேன்.

“அந்தக் காலத்து வெள்ளைக்காரி வீட்டுக்குள்ள இருந்துகொண்டு இல்லை எண்டுவாளாம்” என்று முடித்தேன். “நானும் இருந்தனான்.”

“என்ன?”

“நீங்கள் கலியாணம் சொல்ல வந்த அண்டைக்கு. நான் உள்ளுக்குத்தான் இருந்தன்.”

அவன் ஏணியின் காலைப் பிடித்தான்.

“புதன்கிழமையும்” என்றேன். “மைக்கில கதைக்கச் சொன்னனி. பயத்தில பாத்ரூமுக்குள்ள இருந்தனான். கோயிலடியில உன்ர படத்தைத்தான் ஆக்களுக்குக் காட்டினன். நீ எழுதினதைக் காட்டேல்ல. உனக்குப் பேர் கெட்டது என்னால.”

நாலு வருடம் சொல்ல முடியாததைச் சொல்ல அரை நிமிடம் போதுமாக இருந்தது. தூரிகையிலிருந்து பெயின்ட் என் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“பட்டுச்சேலையோட நனைஞ்சு நிண்டனான்” என்றாள் பிலோமினா, யன்னலுக்குள்ளிருந்து. “அந்தச் சேலை கறை போகவே இல்லை.”

“பிலோ, நீ பேசாத” என்றான் சந்தியோகு. பிறகு என்னிடம், “கீழ இறங்கு.”

இறங்கினேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

“கேற்றடிக்குப் போ” என்றான். “போய், திரும்பி வா. வந்து மணியை அடி. நான் இருக்கிறனோ இல்லையோ எண்டு பாப்பம்.”

வாசலில்

போனேன். கேற்றைத் திறந்து வெளியே இறங்கி, மறுபடி உள்ளே வந்து, படி ஏறி, மணியை அடித்தேன்.

ஒருவரும் வரவில்லை.

பின்னேரம் ஐந்து மணி. தெருவில் எல்லாரும் வேலையால் வருகிற நேரம். பெயின்ட் உடுப்போடு, தலையில் பெயின்ட் புள்ளிகளோடு, மூடிய ஒரு கதவுக்கு முன்னால் நிற்பதைவிட எனக்குப் பெரிய தண்டனை ஒன்றை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவனுக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் தெரிந்தவன்.

திரும்ப அடித்தேன். மழை இல்லை, காற்றுத்தான். கால் உளைந்தது. வானில் ஏறிப் போய்விடலாம் என்று ஒருதரம் நினைத்தேன். சாமான்களை நாளைக்கு எடுக்கலாம். பிறகு நினைத்தேன், கேக் பெட்டியோடு இரண்டு பேர் இதைவிடக் கூடுதலாக நின்றார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வந்தவர் வேலியடியில் நின்றார். “எல்லாம் சரியா? அவர்களுடைய கார் நிற்கிறதே. உள்ளே இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.”

“தெரியும்” என்றேன். “நான் இவர்களைப் பார்க்க வந்திருக்கிறேன்.” இங்கிலீசில், ஒத்திகை பார்க்காமல், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

மூன்றாம் முறை மணியை அடித்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆர்?”

“நான். செபமாலை.”

“எந்தச் செபமாலை? பெயின்ட் அடிக்கிற செபமாலையோ?”

“இல்லை” என்றேன். “மெலனியின்ர ஞானத்தகப்பன்.”

பிறகு பூட்டுச் சத்தம். கதவைத் திறந்து சந்தியோகு நின்றான். சாரத்துக்கு மேலே வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தான். பொத்தான்கள் ஒன்று மாறிப் பூட்டியிருந்தன.

“வா” என்றான்.

உள்ளே போனேன். பிலோமினா ஓடிவந்து கதிரையில் ஒரு பேப்பரை விரித்தாள். “பொறுங்கோ அண்ணை, ஏஜென்ட் கண்டால் கத்துவான், கதிரையில ஒட்டிப்போடும்.” அவள் கண் சிவந்திருந்தது. நான் இருக்கப் போனேன். சந்தியோகு கையை நீட்டி மறித்தான்.

“இருக்காத. நில்லு. மெலனியின்ர கலியாணத்தில சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டு இரு.”

“இப்பவோ?”

“இப்பத்தான். நாங்கள் ரெண்டு பேர்தானே. மைக்கும் இல்லை.”

அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், மண்டபத்தில் இருப்பது போல. நான் நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவருக்குச் சொல்லிப் பழகிய ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

“மெலனிக்கு ஞானஸ்நானம் குடுத்த அண்டைக்கு, சுவாமி என்னட்டைக் கேள்வி கேட்டார். எனக்கு வாய் வரேல்ல. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. அப்ப பிள்ளை என்ர சின்னவிரலைப் பிடிச்சது. அதுக்குப் பிறகுதான் நான் ஓம் எண்டு சொன்னனான்.”

அதற்கு மேல் வரவில்லை. அவ்வளவுதான்.

பிலோமினா கையில் இருந்த தொலைபேசியை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தாள். மெலனிக்குக் காட்ட அவள் அதை எப்போது தூக்கிப் பிடித்துப் படமெடுத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

சந்தியோகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சேர்ட்டின் ஓரத்தால் மூக்கைத் துடைத்தான்.

“இவ்வளவுதானேடா” என்றான். “அண்டைக்கும் இவ்வளவு சொல்லியிருந்தாக் காணும்.”